அங்காதிபாதம் தந்த அமெரிக்க வைத்தியர்

சில ஆண்டுகளுக்கு முன்னர் என் தந்தையார் நெஞ்சு நோயினால் வருந்தி ஒரு வைத்தியசாலையிலே கிடந்தார். அவருடைய இருதயத்திலுள்ள வால்வு ஒன்று செவ்வனே மூடாமையால், முன்னோக்கிச் செல்லவேண்டிய இரத்தத்தில் ஒரு பகுதி வந்த வழியே திரும்பிப் பாய்கின்றது என்பதை வைத்தியர் கண்டறிந்தார். அவர் தமிழர், இளைஞர், நோயாளரிடத்து அன்பிற் குறைவில்லாதவர். தாம் ஆங்கிலத்திற் கற்றதனை என் தந்தையாருக்குத் தமிழிற் சொல்லத் தொடங்கி, ஈரிடத்திலே தடைப்பட்டு, அருகில் நின்ற என்னை நோக்கினார். யான் தமிழ்ப் பண்டிதன் என்பது அவருக்குத் தெரியும். முப்பது ஆண்டுகளாக மாணாக்கர்க்கு இலக்கணமும் இலக்கியமும் போதித்த யான், என்னைப் பெற்றவருடைய நெஞ்சினுள்ளே நிகழ்வது யாதென அவருக்குச் சொல்லச் சொல்லின்றி நின்றேன்.

உள்ளே ஒரு கதவு இருக்கிறது, அது சரியாகச் சாத்துப்படவில்லை என்று ஒருவாறு தடுமாறிச் சொன்னேன். என் தந்தையார் ஆயுள் முழுவதும் தோட்டஞ் செய்தவர். சிறிது நேரம் யோசித்துவிட்டு, அடைத்த மடை கசிந்தால் தண்ணீர் இறைத்த பாத்திக்கே திரும்புமே, அது போலவா என்று வைத்தியரைக் கேட்டார். வைத்தியர் மகிழ்ந்து அதுவே என்றார். பண்டிதனாகிய யானும் பட்டதாரியாகிய வைத்தியரும் தேடிக் காணாத சொல் தோட்டக்காரர் வாயிலே இருந்தது.

அன்றிரவு வீடு திரும்புகையில் ஒரு பழைய புத்தகம் என் நினைவிலே தோன்றியது. இளமையில் என் ஆசிரியர் ஒருவருடைய அலுமாரியிலே அதனைக் கண்டிருக்கின்றேன். 'மனுஷ அங்காதிபாதம்' என்பது அதன் பெயர். அப்பெயரையும், அதனோடு சேர்த்துச் சொல்லப்படும் 'கெமிஸ்தம்' என்னும் நூலின் பெயரையும் கேட்டு, இதுவும் ஒரு தமிழா என்று யானும் என் தோழரும் நகைத்தோம். நகைத்தது எத்துணை அறியாமை என்பதை அந்த வைத்தியசாலைக் கட்டிலருகே நின்ற பின்னரே உணர்ந்தேன். அந்நூல்களைத் தமிழுக்கு ஆக்கித் தந்தவராகிய சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் வைத்தியருடைய சரித்திரத்தை இங்கே சுருங்கச் சொல்லப் புகுந்தமைக்கு இதுவே காரணம்.

கிறீன் ஐக்கிய அமெரிக்காவிலே மசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்டர் என்னும் ஊரில் 1822 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 10 ஆந் திகதி பிறந்தார். அதே ஆண்டு டிசம்பர் மாதத்திலே நல்லூரில் ஆறுமுகநாவலர் பிறந்தார். ஒருவர் கிறிஸ்து மதத்தைப் பரப்ப வந்தவர். மற்றவர் அம்மதப் பிரசாரத்தை எதிர்த்துச் சைவத்தை நிலைநாட்டியவர். சமயத்தால் இருவரும் இரு துருவம். எனினும், கற்றார்க்கே உரியதாய்ச் செய்யுளில் அடங்கிக் கிடந்த பொருளை யாவர்க்கும் விளங்கும் வசனநடையிலே தரவேண்டும் என்னும் ஒரு கருத்திலே, தம்முட் கலவாமலே இருவரும் ஒரு வழியிற் சென்றனர். ஒரே ஆண்டிற் பிறந்த இவ்விருவராலும் தமிழ் வசனநடை பயன் பெற்றது என்பதைச் சைவனாகிய யான் சொல்லுதற்குத் தயங்கேன்.

கிறீனுடைய தமையனார் அன்ட்ரூ கிறீன் நியூயோர்க் நகரிலே பெரும் புகழ் பெற்றவர். அந்நகரின் நடுவே இன்றும் மக்கள் உலாவும் பெரும் பூங்காவை உருவாக்கிய குழுவிலே முதன்மையாக உழைத்தவர். தம்பியாரும் அந்நகரிலேயே வைத்தியங் கற்று 1845 இற் பட்டம் பெற்றார். அங்கேயே தங்கியிருந்தாரேல் செல்வமும் செல்வாக்கும் அவரைத் தேடி வந்திருக்கும். அவரோ அமெரிக்க மிஷனின் வைத்தியராக யாழ்ப்பாணம் செல்ல இசைந்து, 1847 ஒக்டோபரிலே தம் இருபத்தைந்தாம் வயதில் இங்கு வந்து சேர்ந்தார். அவருக்கு முன்னே பண்டத்தரிப்பிலே ஸ்கடர் என்பாரும், வட்டுக்கோட்டையிலே வார்ட் என்பாரும் மேனாட்டு வைத்தியத்தை இங்கு தொடக்கியிருந்தனர். கிறீன் சிறிது காலம் வட்டுக்கோட்டையில் இருந்து, 1848 இல் மானிப்பாயிற் குடியேறினார்.

மானிப்பாய் அக்காலத்திலே வெறுங் கிராமமன்று. அமெரிக்க மிஷனின் அச்சுக்கூடம் அங்கேதான் இருந்தது. ஐம்பத்தெட்டாயிரத்துக்கு மேற்பட்ட சொற்களைக் கொண்டு 'மானிப்பாய் அகராதி' என வழங்கும் பேரகராதி 1842 இல் வெளிவந்ததும் அங்கிருந்தே. தமிழ்ச் சொற்களின் களஞ்சியம் திறக்கப்பட்ட ஊரிலே, சொல் தேடி அலையப்போகும் ஒருவர் வந்து குடிபுகுந்தார் என்க.

வந்தவுடனே அவர் தமிழில் நூல் செய்யத் தொடங்கிவிடவில்லை. வைத்தியசாலை அமைத்து நோயாளரைப் பார்த்தார். 1848 இலேயே மாணாக்கர் சிலரைச் சேர்த்து வைத்தியம் போதித்தார். வட்டுக்கோட்டைச் செமினரியிலே ஆங்கிலம் நன்கு கற்றவர்கள் இருந்தமையால் போதனை ஆங்கிலத்திலேயே நிகழ்ந்தது. சில ஆண்டுகளிலே அவர் ஓர் உண்மையைக் கண்டார். ஆங்கிலத்தில் வைத்தியம் படித்தவர் அரசாங்க உத்தியோகமும் சம்பளமும் நாடி வெளியூர் போயினர். எந்த ஊரார்க்காக அவர்களைப் பயிற்றினாரோ அந்த ஊரார் பழையபடியே இருந்தனர். மேலும், ஆங்கிலம் அறியாத ஆயிரக்கணக்கானோர்க்குத் தம் உடம்பைப் பற்றிய அறிவு முற்றாக அடைபட்டுக் கிடந்தது. ஊரிலே தங்கி ஊரவர்க்குத் தொண்டு செய்யும் வைத்தியர் வேண்டுமானால் ஊர்மொழியிலேயே அவரைப் பயிற்றவேண்டும் என்னும் முடிவுக்கு அவர் வந்தார்.

1855 ஆம் ஆண்டிலே செமினரி மூடப்பட்டது. மிஷன் தலைமைப்பீடமும் சுதேச பாஷைக் கல்வியையே பெரிதும் வற்புறுத்திய காலம் அது. ஆயினும் பாடசாலையில் வாசிப்பும் கணக்கும் தமிழிற் கற்பிப்பது வேறு. இருதயத்தையும் மூளையையும் தமிழிற் பகுத்துக் காட்டுவது வேறு. பின்னதற்கு நூலில்லை, நூல் செய்தற்கு வேண்டும் சொற்களும் வகுக்கப்படவில்லை. கிறீன் தமிழை ஊன்றிக் கற்று மொழிபெயர்ப்பிலே இறங்கினார். கட்டர் என்பார் பாடசாலை மாணாக்கர்க்காக எழுதிய உடல்நூலை, 'அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்' என்னும் பெயரால் தமிழாக்கினார். உடம்பின் அமைப்பும், உறுப்புக்களின் தொழிலும், உடம்பை நோயின்றிப் பேணும் முறையும் என்னும் மூன்றும் அந்நூற் பெயரிலே அடங்கியுள்ளன. மகப்பேற்று மருத்துவம் பற்றிய 'பிரசவ வைத்தியம்' 1857 இல் வெளிவந்தது.

அங்காதிபாதம் என்னும் சொல்லைச் சிறிது நோக்குவோம். பாட்டுடைத் தலைவரை அடிமுதல் முடிவரை பாடுவதைப் பாதாதிகேசம் என்றும், முடிமுதல் அடிவரை பாடுவதைக் கேசாதிபாதம் என்றும் நம் புலவர் வழங்குவர். அங்காதிபாதம் என்றவுடன் தமிழ் கற்றவன் செவியிலே அவ்வோசை எழுகின்றது. புலவர் அழகு கண்டு பாடிய உடம்பை வைத்தியர் தோல் நீக்கித் தசையும் என்பும் கண்டு சொன்னார். இளமையில் நகைத்த அப்பெயர் இன்று எனக்கு இனிக்கின்றது.

சொல்லாக்கத்திலே கிறீன் ஒரு முறைமையைக் கைக்கொண்டார். ஒரு பொருளுக்குத் தமிழிலே வழக்கிலுள்ள சொல் உண்டாயின் அதனையே கொள்வது. இன்றேல் வடமொழியிலிருந்து கொள்வது. அங்கும் கிடையாதாயின் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஓசைக்கு இயையத் திரித்துக்கொள்வது. இம்முறைமையின் படிகளை எண்ணிப் பாருங்கள். அந்நியராகிய அவர் முதலிலே தட்டிய கதவு தமிழரின் வீட்டுக் கதவு. கடைசியிலேதான் தம் வீட்டிலிருந்து கொணர்ந்தார்.

தமிழிலே உடம்பைக் குறிக்கும் சொற்களுக்குப் பஞ்சமில்லை. ஈரல், மண்ணீரல், இரைப்பை, குடல், குலை, என்பு, மச்சை எனச் சொற்கள் மலிந்துள்ளன. சித்த வைத்தியர் உடம்பினை ஏழு தாதுக்களாக வகுத்தனர். யாழ்ப்பாணத்து அரசர் பெயரால் வழங்கும் பரராசசேகரமும் செகராசசேகரமும் நம் பரியாரிமார் போற்றிக் காத்த வைத்திய நூல்கள். ஆனால் இடர்ப்பாடு வேறோரிடத்தில் இருந்தது. ஓர் எடுத்துக்காட்டு மாத்திரம் தருவேன்.

'நரம்பு' என்பது பழந்தமிழ்ச் சொல். யாழின் தந்தியும் நரம்பு. முதியவர் கையிலே நீலமாகப் புடைத்துத் தோன்றுவதும் நரம்பு. தசையை என்போடு பிணிக்கும் நாரும் பேச்சு வழக்கில் நரம்பு. கவிஞர்க்கு இதனால் யாதொரு தீங்குமில்லை. ஆனால் கத்தியைக் கையிலேந்தி நிற்கும் சத்திரவைத்தியனுக்கு இச்சொல் மூன்று பொருள்பட்டால் நோயாளனின் உயிர் போகும். இருதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டு செல்லும் குழாய் ஒன்று. இருதயத்துக்கு அதனை மீட்டுக் கொணரும் குழாய் மற்றொன்று. மூளைக்குச் செய்தி கொண்டு சென்று ஆணை கொண்டு வருவது பிறிதொன்று. தசையை என்பிலே கட்டுவது இன்னொன்று. முதற்குழாயை வெட்டினால் இரத்தம் துடித்துப் பீறிடும். இரண்டாவதை வெட்டினால் சீராக வழியும். மூன்றாவதை வெட்டினால் உணர்வோ அசைவோ கெடும். நாலாவதை வெட்டினால் உறுப்பு இழுக்கும் வலியை இழக்கும். நான்குக்கும் நான்கு பெயர் வேண்டும். ஒருமுறை இட்ட பெயர் நூல் முழுவதிலும் மாறாது நிற்கவும் வேண்டும். சொல்லைப் பெருக்குவதன்று, பொருளை வரையறுப்பதே விஞ்ஞானத் தமிழின் முதற் கடமை. ஒரு பொருளுக்குப் பல சொல்லும் ஒரு சொல்லுக்குப் பல பொருளும் கண்டு மகிழும் நிகண்டுப் பயிற்சியில் வளர்ந்த எம்போலியர்க்கு இது கசப்பான பாடம்.

பத்தாண்டு உழைத்தபின் 1857 இல் கிறீன் தாய்நாடு சென்றார். 1862 இலே மார்கரெற் வில்லியம்ஸ் என்னும் பெண்மணியை மணந்து, அவ்வாண்டிலேயே மனைவியாருடன் யாழ்ப்பாணம் மீண்டார். 1864 இல் முற்றிலும் தமிழிலேயே கற்பிக்கும் வைத்திய வகுப்பைத் தொடங்கினார். மேனாட்டு வைத்தியம் தமிழ் மொழியிலே ஒழுங்காகப் போதிக்கப்பட்டது மானிப்பாயில் என்பது ஈழத்தமிழர் நெஞ்சிற் பொறிக்கவேண்டிய செய்தி. இரண்டு காலப் பகுதியிலுமாக 60 பேருக்கு மேற்பட்டோர் அவரிடம் பயிற்சி பெற்று வைத்தியராயினர். 1866, 1867 ஆம் ஆண்டுகளில் வாந்திபேதி யாழ்ப்பாணத்தை வாட்டியபோது, தமிழிற் கற்ற கல்வி ஊருக்கு எவ்வாறு உதவும் என்பது விளங்கியது. எதனை உண்ணலாம், எந்நீரைக் குடிக்கலாகாது என்பதை ஊரவர்க்கு ஊரவர் மொழியிலே சொல்லத்தக்கவர் அப்போது ஊரில் இருந்தனர்.

மாணாக்கர் தமிழராகவே இருத்தல் வேண்டும் என்பதிலும் அவர் உறுதியுடையவராயிருந்தார். மேனாட்டு உடையையும் உணவையும் நடையையும் மேற்கொண்டு தம்மவரிடமிருந்து விலகிப்போவதை அவர் விரும்பவில்லை. மதம் மாற்றவே வந்தவர் என்பதை மறைக்கவேண்டியதில்லை. அவரும் மறைக்கவில்லை. நம் நாட்டு வைத்தியத்தை அவர் மதித்தது போதாது என்பாரும் உளர்; அக்குறை உண்மையே. ஆயினும் மனிதரை அவர் தம் நாட்டினின்றும் மொழியினின்றும் பிரிக்க முயலவில்லை.

இரண்டாம் முறை வந்த காலத்திலே நூல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. டான்போர்த், சப்மன் முதலிய மாணாக்கர் துணைநின்றனர். மிஷன் பாடசாலையிற் பெற்ற பெயரால் இவர்களை அந்நியர் என்று எண்ணற்க. அனைவரும் இம்மண்ணின் தமிழரே. சத்திரவைத்தியம் பற்றிய 'இரண வைத்தியம்' 1867 இல் வந்தது. 'மனுஷ அங்காதிபாதம்' 1872 இல் வந்தது. இலண்டனிலே ஹென்றி கிரே எழுதிய உடலமைப்பு நூல் 1858 இல் முதன்முதல் வெளியாயிற்று. உலகெங்கும் வைத்திய மாணாக்கர் இன்றும் கற்கும் அந்நூலின் வழிவந்ததே இத்தமிழ் நூல். ஆங்கிலத்திலே தோன்றிப் பதினான்கு ஆண்டுகளுக்குள் அது தமிழிற் கிடைத்தது. ஓர் உலகநூல் தமிழுக்கு வருவதற்கு நாம் இன்று எத்தனை ஆண்டு காத்திருக்கின்றோம் என்பதை எண்ணி நாணவேண்டும்.

உடம்பின் அமைப்பை அறிந்தால் மாத்திரம் போதாது. அது எவற்றால் ஆயது என்பதையும் அறிதல் வேண்டும். ஆதலின் வெல்ஸ் என்பாருடைய இரசாயன நூலைக் 'கெமிஸ்தம்' எனத் தமிழ்ப்படுத்துவித்தார். அது 1875 இல் வெளிவந்தது. உண்ட சோறு எவ்வாறு உடற்சூடாகின்றது, உள்ளிழுத்த காற்றில் எது நின்று எது வெளியேறுகின்றது என்னும் வினாக்களுக்கு இரசாயனம் இன்றி விடையில்லை. நம்முன்னோர் உடம்பை ஐம்பூதக் கலப்பு என்றனர். இக்காலத்துக் கணக்கின்படி நம் உடம்பின் நிறையிலே நூற்றுக்கு 96 பங்களவு ஒட்சிசன், காபன், ஐதரசன், நைதரசன் என்னும் நான்கு மூலகங்களே. கல்சியமும் பொசுபரசும் என்புக்கு உரம் தருகின்றன. குருதிக்குச் செந்நிறம் தரும் பொருளிலே இரும்பு உண்டு. உடம்பு முழுவதிலுமுள்ள இரும்பைத் திரட்டினாலும் நாலு கிராம் அளவே தேறும். அந்தச் சிறிதளவு குறைந்தால் மனிதன் வெளிறிச் சோர்ந்துவிடுகின்றான். இத்தகைய அறிவை ஊர்ப்பிள்ளை தன் மொழியிலே பெறவேண்டும் என்பதற்காக ஓர் அந்நியர், நகைப்புக்கு அஞ்சாமல், கெமிஸ்தம் என்று பெயரிட்டார். தமிழ்ப் பெயர் தாரீரோ என்று கேட்கும் குரலாகவே அப்பெயரை இன்று யான் கேட்கின்றேன்.

உடல்நலம் குன்றவே 1873 இல் கிறீன் யாழ்ப்பாணத்தை விட்டு நீங்கினார். நீங்கியது உடம்பு மாத்திரமே. வூஸ்டரிலிருந்தபடியே தமிழ் நூல்களைத் திருத்துவதும் எழுதுவதுமாகக் காலங் கழித்தார். கடலிலே மாதக்கணக்காகச் செல்லும் தபாலையே நம்பி, தமிழ் பேசுவார் ஒருவரும் அயலில் இல்லாத ஊரிலிருந்து, தமிழிலே உடற்றொழிலை விளக்கிக்கொண்டிருந்தார். டால்ரன் என்பாருடைய நூலைத் தழுவிய 'மனுஷ சுகரணம்' 1883 இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு, 1884 மே மாதம் 28 ஆந் திகதி, கிறீன் பிறந்த ஊரிலேயே காலமானார். தம்மைத் தமிழர்க்கு வைத்தியத் தொண்டு செய்தவர் எனத் தம் கல்லறையிலே பொறிக்கவேண்டுமென அவர் விரும்பினார், அவ்வாறே பொறித்தனர். தமிழர் என்னும் பெயர் தாங்கிய அக்கல் அமெரிக்க மண்ணிலே நிற்கின்றது.

இனி, அவர் தொடக்கிய பணி யாதாயிற்று என்பதையும் சொல்லியாக வேண்டும். 1870 இலே கொழும்பில் அரசாங்க வைத்தியக் கல்லூரி ஆங்கிலத்திலே தொடங்கப்பட்டது. அங்கு படித்தவர்க்கு உத்தியோகம் காத்திருந்தது. தமிழிற் படித்தவர்க்கு அவ்வாய்ப்பு இல்லை. கிறீன் சென்றபின் தமிழ் வைத்திய வகுப்புத் தளர்ந்து நின்றுபோயிற்று. நூல்கள் அலுமாரிகளிலே தங்கின. மானிப்பாயிலுள்ள கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை அவர் பெயரைக் காத்து வருகின்றது. அவர் நூல்களையோ பெயரளவிலேனும் அறிந்தவர் சிலரே.

தமிழுக்கு ஆற்றல் இன்மையால் அவ்வகுப்பு அழிந்தது என்று சிலர் சொல்வர். யான் அதனை ஒப்பேன். 1864 இலிருந்து தமிழிற் கற்றவர்கள் என்பு முறிவுக்கு வைத்தியஞ் செய்தனர்; பிரசவம் பார்த்தனர்; கொள்ளைநோயை எதிர்த்து நின்றனர். தமிழாற் சொல்ல முடியாமற் போயிற்று என்றில்லை. தமிழிற் கற்றவனுக்கு இடந்தர ஆட்சி அறியவில்லை. அதனோடு, நம்மவர் குற்றமும் உண்டு. பிறர் கொணர்ந்த சொல் வழு என்று நகைத்தோமேயன்றி, வழுவற்ற சொல்லைத் தாமே முன்வந்து கொடுத்த பண்டிதர் எத்தனை பேர்? வகுப்பறையிலே ஒரு சொல்லின் புணர்ச்சிக்காக ஒருமணி நேரம் வாதிடும் நாம், ஒரு நோயின் பெயருக்காக ஒரு நாழிகை செலவிட்டதுண்டா?

வித்து முற்றாகப் பட்டுப்போகவுமில்லை. இன்று நம் பாடசாலைப் பிள்ளைகள் செங்குழியம், வெண்குழியம், ஊனீர், முண்ணாண், கசியிழையம் என்று தடையின்றி எழுதுகின்றனர். இச்சொற்களை ஆக்கியோர் வேறு தலைமுறையினர். எனினும் இவ்வழியிலே முதலில் காடு வெட்டியவர் கிறீனும் அவருடைய தமிழ் மாணாக்கருமே. ஆனால் அப்பிள்ளை பல்கலைக்கழக வைத்திய பீடத்தினுள்ளே காலடி வைத்ததும் கற்கும் மொழி ஆங்கிலமாகின்றது. உயர்கல்விக்கு ஆங்கிலம் வேண்டும் என்பதை யான் மறுக்கவில்லை. படித்து முடித்து ஊருக்கு மீளும் வைத்தியனுக்கு, தாயார் ஒருத்தியின் முன்னே அமர்ந்து அவள் பிள்ளையின் நோயை அவள் மொழியிலே சொல்லும் பயிற்சியும் வேண்டும் என்பதே என் விண்ணப்பம். நோயறியாத நோயாளி பாதி வைத்தியத்தையே பெறுகின்றான்.

என் தந்தையார் அதன்பின் ஈராண்டு வாழ்ந்தார். நலம் விசாரிக்க வந்தவர்க்கெல்லாம் தம் நெஞ்சினுள்ளே மடை கசிவதைக் கையால் அபிநயித்துக் காட்டுவார்; ஏன் உப்பைக் குறைக்கவேண்டும், ஏன் மாத்திரையைத் தவறவிடலாகாது என்பதையும் தாமே விளக்குவார். விளங்கியதனால் அவருக்கு நோய் மாறவில்லை, அச்சம் மாறியது. 150 ஆண்டுகளுக்கு முன்னர் மானிப்பாயிலே ஓர் அந்நியர் தமிழரிடம் சொல் கேட்டுக் கேட்டு நூல் எழுதியது எதற்காக என்பதை, என் தந்தையாரின் அந்த முகத்திலேதான் யான் கற்றேன்.